நிமிராத முழங்கை

பந்தை முறைப்படி வீசாமல் முழங்கையை மடக்கி எறிகிற சிறுவனுக்கு நம் பக்கத்தில் ஒரே பெயர்தான் உண்டு: மாங்கா. மாமரத்தில் கல்லெறிந்து காய் வீழ்த்துகிறவனின் கை அது என்று பொருள். நெல் அறுத்த வயலிலும், பள்ளித் திடலிலும், மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களிலும் இந்தச் சொல் காதில் விழும். யாரேனும் ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பந்து செல்லாது; மேல்முறையீடு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. டெஸ்ட் ஆட்டங்களில் உலகிலேயே மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்திய மனிதர் ஏறத்தாழ இதே சொல்லைச் சுமந்துகொண்டுதான் பதினைந்து ஆண்டுகள் களமிறங்கினார். அவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமைக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. இரண்டையும் பற்றி எழுதவே இம்மாதம் எண்ணினோம்.

முத்தையா முரளிதரன் 1972 ஏப்ரல் 17 அன்று கண்டியில் பிறந்தார். பாட்டனார் 1920ஆம் ஆண்டில் இக்கரையிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். பிற்காலத்தில் அவர் திருச்சிக்குத் திரும்பிவிட, மகன் முத்தையா கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். வறட்சியும் கடனும் விரட்ட, கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பித் திருச்சி, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அந்த மக்கள். காட்டை அழித்துத் தேயிலை வளர்த்துக் கொடுத்தார்கள்; 1948இல் அந்நாடு விடுதலை பெற்ற கையோடு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. மலையகத் தமிழரின் வரலாறு வேறு, யாழ்ப்பாணத் தமிழரின் வரலாறு வேறு என்பதை இக்கரையில் இருக்கும் நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒன்பது வயதில் அவரைக் கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோணியார் கல்லூரியில் சேர்த்தார்கள். (இலங்கையில் பெரிய பள்ளிகளுக்கும் கல்லூரி என்றே பெயர்.) ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் 1854இல் தொடங்கிய பள்ளி அது. செவ்வாய்தோறும் அந்தோணியார் பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுகிற நம்மவர்க்கு இச்செய்தி இனிக்கும். முரளிதரன் இந்துக் குடும்பத்துப் பிள்ளை. துறவியர் அதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பதே நமக்கு இன்னும் இனிக்கிறது. அங்கே அவர் முதலில் மிதவேகப் பந்துதான் வீசிக்கொண்டிருந்தார். பதினான்காம் வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார்.

அவருடைய வலக்கை முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது. குறையென்று சொல்லத்தக்க இந்த அமைப்போடு, எந்தப் பக்கமும் சுழலும் மணிக்கட்டும் வழக்கத்துக்கு மீறி நெகிழும் தோளும் அவருக்கு வாய்த்திருந்தன. ஆஃப் ஸ்பின் வீசுவோர் விரலால் பந்தைத் திருப்புவது மரபு. இவர் மணிக்கட்டால் திருப்பினார். மரபுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வீச்சு உறுத்தலாகத் தோன்றியதில் வியப்பில்லை. நிமிராத கை, நிமிர்ந்து எறிவதுபோல் தெரிந்தது.

1995 டிசம்பர் 26. நமக்கு அது புனித முடியப்பர் திருநாள், கல்லெறியுண்டு உயிர்நீத்த முதல் மறைச்சாட்சியின் நாள். அன்று மெல்பர்ன் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை கையை நீட்டி ‘நோ-பால்’ என்றார். பந்தை வீசவில்லை, எறிகிறாய் என்பது அதன் பொருள். கை மடங்கி நிமிர்வதைப் பக்கவாட்டில் நிற்கும் நடுவர் பார்த்துச் சொல்வதே வழக்கம். ஹேர் பந்துவீச்சாளரின் பக்கத்திலிருந்தே சொன்னார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சாளரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நடுவர் ஸ்டீவ் டன் கண்ணுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஒரே நாள், ஒரே கை, ஒரே மைதானம். இரண்டு நடுவர்கள், இரண்டு தீர்ப்புகள். பத்தே நாளில் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் என்ற நடுவர் மீண்டும் ஏழு முறை கையை நீட்டினார். கையை மடக்கி எறிவது ஏறக்குறைய இயலாத லெக் பிரேக் பந்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த இருபத்துமூன்று வயது இளைஞர் தம்மைச் சோதித்துப் பார்க்க உடன்பட்டார். 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் உடலியக்க ஆய்வாளர்கள் பல கோணங்களில் படம்பிடித்து அளந்தனர். எறிவதுபோலத் தெரிவது பார்வை மயக்கமே என்பது அவர்களின் முடிவு. ஆயினும் 1999இல் அடிலெய்டில் எமர்சன் மறுபடியும் கையை நீட்டினார். 2004இல் ‘தூஸ்ரா’ என்ற எதிர்த்திசைப் பந்தின்மீது புதிய புகார் எழுந்தது. அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று கூறினார். முரளிதரன் அந்நாட்டுப் பயணத்தைத் தவிர்த்தார். நம் நாட்டின் பிஷன் சிங் பேடி கூறிய கடுஞ்சொற்களை இங்கு மீண்டும் எழுத மனமில்லை.

அவ்வாண்டு ஜூலையில் கொழும்பில் அவர் செய்ததை நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. எஃகுக் கம்பி பதித்த வலுவான பிளாஸ்டிக் உறை ஒன்றை வலக்கையில் பூட்டிக்கொண்டார். அதற்குள் முழங்கையை மடக்கவோ நிமிர்த்தவோ வழியில்லை. அந்த உறையோடு, படக்கருவியின் முன்னே, தம்மிடமிருந்த எல்லா வகைப் பந்துகளையும் வீசிக் காட்டினார், தூஸ்ராவும் சுழன்றது. காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவை ஆண்டவர் கடிந்து விரட்டவில்லை, கையை நீட்டச் சொன்னார் என்று நற்செய்தியில் படிக்கிறோம். ஒப்பிடத்தகாத இரண்டை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டா. ஐயுறுகிறவனுக்குத் தன் உடலையே சான்றாக நீட்டுவது எத்தனை கூச்சமான செயல் என்பதைத்தான் சொல்ல வந்தோம். தோமாவோ தொடுமுன்னரே பணிந்தார். கொழும்பில் படம் பார்த்தவர்களில் பலர் அதன் பின்னும் பணியவில்லை.

அவருக்காகவே விதியை வளைத்தார்கள் என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. அன்றைய விதி சுழற்பந்து வீச்சாளரின் முழங்கை 5 பாகை வரை நிமிரலாம் என்றது. தூஸ்ராவில் அவர் கை சராசரி 14 பாகை நிமிர்ந்தது; பயிற்சிக்குப் பின் 10 பாகையளவுக்குக் குறைந்தது. இந்த வரையில் குறை சொல்வோர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அதே அளவுகோலை மற்றவர்மீதும் வைத்துப் பார்த்தபோது, எவரும் ஐயுறாத, கண்ணுக்கு அழகிய, புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்களின் கைகளும் 5 பாகையைத் தாண்டி நிமிர்ந்தமை தெரியவந்தது. ஏறக்குறைய எல்லாருமே எறிந்துகொண்டிருந்தார்கள், ஒருவர் மட்டும் அகப்பட்டார்! 2005இல் 15 பாகை என்று எல்லாருக்கும் ஒரே எல்லை வகுக்கப்பட்டது. வெறுங்கண்ணால் வேறுபாடு காணக்கூடிய அளவு ஏறத்தாழ அதுவே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கள்ளக்குறிச்சியில் அமர்ந்து இதை எழுதுவதால், கண்ணால் மட்டும் அளக்கப்படுகிற வேறு சிலரும் நினைவுக்கு வருகிறார்கள். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கிக் கீழே கொண்டுவருகிறவர்கள். கச்சிராயபாளையம் வழியே இறங்கிவரும் ஒரு மலைக்காரரின் கையில் பிளாஸ்டிக் குடுவை இருந்தால், அதில் இருப்பது தேனா சாராயமா என்று கேட்பதற்கு முன்பே ஊர் தீர்மானித்துவிடுகிறது. மலையில் சாராயம் காய்ச்சப்பட்டது பொய்யன்று. 2024 ஜூனில் இந்நகரின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது மெத்தனால் என்ற நச்சு வேதிப்பொருளால்; அது மலையில் ஊறிய ஊறல் அன்று. ஆயினும் அந்தச் சாவுகளின் நிழல் மலைமீதும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அங்குச் சாலை இல்லை, மருத்துவ வசதி இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் பலருக்குச் செய்தியாயிற்று. முரளிதரனுக்குச் சோதனைக் கூடம் கிடைத்தது. மலைக்காரருக்கு மலையடிவாரச் சோதனைச் சாவடி மட்டுமே கிடைத்திருக்கிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள். இவற்றில் 176, அன்று வலுக்குறைந்திருந்த வங்கதேசம், ஜிம்பாப்வே அணிகளிடம் எடுத்தவை. 493 விக்கெட்டுகள் சொந்த நாட்டு ஆடுகளங்களில் கிடைத்தவை. ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டுகளில் பன்னிரண்டு விக்கெட்டுகளுக்கு மேல் அவரால் எடுக்க இயலவில்லை. அபிமானிகள் மறைக்கிற இக்கணக்கையும் சொல்லியாக வேண்டும். அதேபோல், 1998இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் பதினாறு பேரை வீழ்த்தியதையும் சொல்ல வேண்டும். 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டமே கடைசி என்று முன்னரே அறிவித்துவிட்டுக் களமிறங்கினார். அப்போது கையிலிருந்தவை 792. எட்டு வேண்டும், ஒரே ஆட்டம். பிரக்யான் ஓஜாவின் மட்டையைத் தொட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற மகேல ஜயவர்தனவின் கையில் விழுந்தபோது எட்டும் நிறைந்தது. இன்னும் சில ஆட்டங்கள் ஆடிப் பத்திரமாக எட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாததில் ஓர் அழகு இருக்கிறது.

அமெரிக்காவில் கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பியான பேஸ்பாலிலும் இத்தகைய ஒரு சாதனையாளர் உண்டு. பாரி பாண்ட்ஸ் 2007 ஆகஸ்டில் தமது 756ஆம் ‘ஹோம் ரன்’ அடித்து ஹாங்க் ஆரனின் சாதனையைக் கடந்தார். அவ்வாண்டு டிசம்பரில்தான் முரளிதரன் கண்டியில் ஷேன் வார்னின் 708ஐக் கடந்தார். பாண்ட்ஸ்மீது ஊக்கமருந்து ஐயம். சாதனைப் பந்தை விலைக்கு வாங்கியவர் மக்களிடம் வாக்கெடுத்து, அதன்மேல் ஐயக்குறியாக ஒரு நட்சத்திரத்தைப் பொறித்தே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 762 ஹோம் ரன்களோடு ஓய்வுபெற்ற அவரை, புகழ்மண்டபத்துக்கு வாக்களிக்கும் எழுத்தாளர்கள் 2022 வரை பத்துமுறை விலக்கினார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை, ஐயமும் நீங்கவில்லை. அங்கே ஐயம் உடலுக்குள் எது புகுத்தப்பட்டது என்பது பற்றியது. இங்கே கடவுள் கொடுத்த உடலைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று.

இனி அந்த முள். முரளிதரனின் வாழ்வைச் சொல்லும் ‘800’ என்ற படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் தமிழகத்தில் எதிர்ப்பு மூண்டது. போர் முடிந்த 2009ஐக் குறித்து அவர் மகிழ்ச்சி தெரிவித்துப் பேசியதும், 2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்ததும் காரணங்கள். இரு பக்கத்திலும் சாவு நின்றதையே மகிழ்ச்சி என்றேன் என அவர் விளக்கினார். 1977 கலவரத்தில் தம் தந்தை வெட்டுண்டதையும், குடும்பம் வீதிக்கு வந்ததையும் நினைவூட்டினார். நடிகரை விலகிக்கொள்ளுமாறு தாமே கேட்டுக்கொண்டார். வேறொருவர் நடிக்க, படம் 2023இல் வெளிவந்தது.

தந்தை இரத்தத்தில் கிடந்ததைக் கண்ட பிள்ளை, அமைதி எந்த விலைக்கு வந்தாலும் போதும் என்று எண்ணுவது நமக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னதை நம்மால் ஏற்க முடியவில்லை. 2013இல் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரூன் யாழ்ப்பாணம் சென்று வந்தபோது, அவருக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், வடக்கு முன்னேறியிருக்கிறது என்ற பொருளில் முரளிதரன் பேசினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே, 2011 ஜனவரியில், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் நின்று, அரசின் கணக்குகளையே ஒப்பிட்டு, வன்னியில் 1,46,679 பேரைக் குறித்துக் கணக்கில்லை, அவர்கள் எங்கே என்று கேட்டிருந்தார். 2021இல் அவர் இறக்கும்வரை அக்கேள்விக்கு விடை வரவில்லை. ஆயரிடம் எதிர்பார்ப்பதை ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கலாமா என்று நண்பர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. உலகமே செவிசாய்க்கும் குரல் ஒருவருக்கு வாய்த்துவிட்டபின் எதிர்பார்க்காமல் இருக்க முடியாது என்றே சொல்லி வருகிறோம்.

இதற்காக அந்த 800இன்மேல் நாமும் ஒரு நட்சத்திரத்தைப் பொறிக்க வேண்டுமா? வேண்டா. பந்து வேறு, பேச்சு வேறு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தென்கரையை அழித்தபோது லாரி லாரியாக உணவு அனுப்பியவரும், சீனிகமவில் நண்பர்களோடு சேர்ந்து வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டியவரும் இவரே. 2012 முதல் வடக்கு, தெற்குப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஆடும் போட்டிகள் அவர் பெயராலேயே வடக்கில் நடந்திருக்கின்றன. அதே வடக்கில், கிளிநொச்சிச் சாலையோரத்தில், காணாமற்போன பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்திய தாய்மார் 2017 பிப்ரவரியில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துபோனார்கள்.