வீட்டோடு கடந்த எல்லை

நாகூர்க் கந்தூரிக்கும் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கும் குடும்பத்தோடு கூண்டு வண்டி கட்டிச் சென்றவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, அரிசியும் மண்ணடுப்பும் குடத்துத் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் அவிழ்த்துப் போட்டுச் சமைத்து உண்டு செல்வார்களாம். மேல்நாடுகளில் ‘மோட்டார் ஹோம்’ என வழங்கும் ஊர்தியை அந்தக் கூண்டு வண்டியின் பெருத்த தம்பி என்றே சொல்லலாம். படுக்கை, சமையல் மேடை, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, ஒளுச் செய்யத் தண்ணீர் என எல்லாம் அதனுள் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு. கூண்டு வண்டியை நிறுத்தி எவரும் தாள் கேட்டதில்லை.

2024 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், இங்கிலாந்தில் வாழும் என் மகன் இத்தகைய வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு, ஸ்பெயின் வழியாக மொராக்கோ சென்று திரும்பினான். மகன், மருமகள், பேரன், பேத்தி ஆகிய நால்வரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கும் என் மனைவிக்கும் இந்தியப் பாஸ்போர்ட். ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுந்த குடும்பம் ஒவ்வோர் எல்லையிலும் இரண்டாகப் பிரிந்து நின்றது. அவர்கள் ஐரோப்பாவினுள் 180 நாட்களில் 90 நாட்கள் விசாவின்றித் தங்கலாம். எங்களுக்கோ ஷெங்கன் விசாவும் வேண்டும், மொராக்கோ விசாவும் வேண்டும்.

இங்கே நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஸ்பெயினுக்குள் நுழைவது ஒரு நுழைவு. அங்கிருந்து மொராக்கோ சென்று மீண்டும் ஸ்பெயினுக்குள் வருவது இரண்டாம் நுழைவு. ஒரே நுழைவுக்கான ஷெங்கன் விசாவோடு ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்தவருக்கு, வண்டி திரும்பும்போது அதனோடு திரும்பும் உரிமை இல்லை. பலமுறை நுழைவதற்கான விசாவை ஊரிலிருந்தபோதே கேட்டுப் பெற்றோம்.

மனிதருக்கு இவ்வளவென்றால் வண்டிக்கும் குறைவில்லை. பதிவுச் சான்றின் மூலப்படி வேண்டும், நகல் செல்லாது. வண்டி பிறர் பெயரில் இருந்தால் அவரது எழுத்து மூலமான இசைவு வேண்டும். வாடகை வண்டியை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டு செல்லப் பெரும்பாலான நிறுவனங்கள் இசைவதில்லை. காப்பீட்டுக்குப் ‘பச்சை அட்டை’ என்றொரு முறை இருக்கிறது. ஒரு நாட்டில் எடுத்த காப்பீட்டை மற்றொரு நாடு ஏற்பதற்காக 1949இல் வகுக்கப்பட்டு, 1953 முதல் நடைமுறைக்கு வந்தது. மொராக்கோவும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் அட்டையிலுள்ள மொராக்கோவின் குறியெழுத்துகளைக் கோடிட்டு அடித்துவிட்டே தருகின்றன. அடித்திருந்தால் அங்கே அந்த அட்டைக்கு மதிப்பில்லை. எல்லையிலேயே தனிக் காப்பீடு வாங்கியாக வேண்டும். மகன் அதைத்தான் செய்தான்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1997 ஜனவரி முதல் தேதிக்குப் பின் கார் ஓட்டும் உரிமம் பெற்றவர்கள், பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் வண்டியானால், 3,500 கிலோவுக்கு மேற்பட்டதைத் தனித் தேர்வு எழுதாமல் ஓட்டக்கூடாது. வெற்று வண்டியே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தண்ணீர், எரிவாயு உருளை, ஆறு பேர், அவர்களது பெட்டிகள், போதாதற்கு என் மனைவி விட்டுவர மறுத்த அரிசி மூட்டை! எடைமேடையில் நிறுத்திப் பார்த்த பிறகே மூட்டை பாதியாயிற்று. பெல்ட் பூட்டிய இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான் ஏறலாம் என்பதிலும் விட்டுக்கொடுத்தல் கூடாது. வண்டி ஓடும்போது கட்டிலில் குழந்தையைப் படுக்கவைப்பது கூண்டு வண்டிக் காலத்துப் பழக்கம். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது ஆபத்து.

ஹலால் இறைச்சியைச் சமைத்து உறையவைத்து எடுத்துச் செல்லலாமே என்று நம் வீடுகளில் எவருக்கும் தோன்றும். 2021 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பாற்பொருளோ பயணிகள் கொண்டு செல்லத் தடை இருக்கிறது. மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பும்போதும் அப்படியே. ஆகவே குளிர்ப்பெட்டியில் இறைச்சி ஏற்றவில்லை. வழிநெடுக முட்டையும் மீனும் பருப்பும்தான். அல்ஜெஸிராஸ் துறைமுக நகரில் மொராக்கோவினர் நடத்தும் இறைச்சிக் கடையைக் கண்டதும் பேரன் துள்ளிக் குதித்தான். ‘அல்ஜஸீரா அல்கள்ரா’, பசுமைத் தீவு, என்று அரபிகள் இட்ட பெயரே அந்நகரின் பெயராயிற்று.

அங்கிருந்து கப்பலில் டாஞ்சியர் மெட் துறைமுகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் இரு கரைக்கும் இடையே 14 கிலோமீட்டர்தான். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, ஐரோப்பாவில் உழைக்கும் மொராக்கோவினர் குடும்பத்தோடு ஊர் சென்று திரும்பும் காலம். 2024இல் அந்த மூன்று மாதத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்திருக்கிறார்கள். அவசரமில்லாதவர் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம்.

மறுகரையில் சுங்கத்தார் வண்டியைத் தற்காலிக இறக்குமதியாகப் பதிவு செய்து தாள் ஒன்று தருகிறார்கள். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வண்டி அங்கே இருக்கக் கூடாது. அது யார் பெயரில் பதிவாயிற்றோ அவர் வண்டியை விட்டுவிட்டுத் தனியே நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. ஊரில் மௌத்து என்று செய்தி வருகிறது. ஜனாஸாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஐவரும் விமானமேறலாம். வண்டியைக் கொண்டு வந்தவர் மட்டும் முதலில் சுங்க அலுவலகம் சென்று, வண்டிக்கு ஏற்பாடு செய்து, ஒப்புதல் பெற்றாக வேண்டும். குடும்பத்தில் யார் பெயரில் பதிவது என்பதை இதை எண்ணியே முடிவு செய்ய வேண்டும். படம்பிடிக்கும் குட்டி விமானமாகிய டிரோனை அந்நாட்டுக்குள் கொண்டு செல்லவே கூடாது. பேரனின் டிரோன் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது. படிவம் நிரப்பித் தருகிறேன் என்று நெருங்கும் இடைத்தரகர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதிருப்பதும் ஒரு பாதுகாப்பே.

டாஞ்சியர் இப்னு பதூதா பிறந்த ஊர். 1325இல், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்ட அவ்விளைஞர் நம் மஅபர் கரையில் இறங்கி, மதுரை சுல்தானின் விருந்தினராகவும் இருந்தார். அந்தச் சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர். விசா கேட்பாரில்லை, ஆனால் கடற்கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டனர். பாதுகாப்பு அக்காலத்தில் ஒருவருக்கு இருந்தது, இக்காலத்தில் இல்லை என்று பெருமூச்சு விடுவோரை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மொராக்கோவினுள் இரண்டு வாரம் இனிதே கழிந்தது. விளக்கில்லாத வண்டிகளும் கழுதைகளும் சாலையில் வருவதால் இரவில் ஓட்டவில்லை. சில திர்ஹம் வாங்கிக்கொண்டு விடிய விடியக் காவலிருக்கும் காவற்காரர் உள்ள இடங்களிலேயே வண்டியை நிறுத்தினோம். நான் சொல்ல வந்தது திரும்பும் நாளைப் பற்றி.

பிரிட்டனுக்குள் வரும் வண்டியில் ஒளிந்து வருபவர் கண்டுபிடிக்கப்பட்டால், ஒவ்வொருவருக்காகவும் 10,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம் என 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. சோதித்துப் பார்த்தேன் என்று காட்ட வேண்டும். ஆகவே டாஞ்சியர் மெட்டுக்கு முன்னிருந்த பெட்ரோல் நிலையம் ஒன்றில் மகன் டார்ச் விளக்கோடு இறங்கி, அறைகளையும் அடித்தட்டையும் பார்த்துக்கொண்டே பின்புறம் வந்தான். அங்கே சைக்கிள்களைப் போர்த்தியிருந்த உறையின் ஜிப்பை இழுத்தான்.

உள்ளே ஒரு சிறுவன் குந்தியிருந்தான். பதினான்கு வயதிருக்கலாம். வெளியே வந்தவன் முதலில் சொன்னது ஸலாம். நாங்களும் பதில் ஸலாம் சொன்னோம். வேறென்ன சொல்ல முடியும்?

இவர்களை அந்நாட்டில் ‘ஹர்ராகா’ என்கிறார்கள். எரிப்பவர்கள் என்று பொருள். பிடிபட்டால் திருப்பி அனுப்ப முடியாதபடி அடையாளத் தாள்களை எரித்துவிட்டுக் கடப்பதால் அப்பெயர் என்பர். எங்கள் வண்டியிலோ தாள்களுக்கென்றே ஒரு தோல்பை இருந்தது.

என் மனைவி ரொட்டியும் அவித்த முட்டையும் பேரீச்சம்பழமும் எடுத்து வந்து, “சாப்பிடு, வாப்பா” என்று தமிழிலேயே சொன்னாள். அவன் நின்றபடியே உண்டான். மீதி ரொட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மகனின் கை நடுங்கியது. காவலர் எவரையும் அவன் அழைக்கவில்லை, சிறுவனை ஏற்றிக்கொள்ளவுமில்லை. இரண்டையும் நான் சரியென்றே கருதுகிறேன். சைக்கிள் உறைக்குள்ளும் லாரியின் அச்சுக்கடியிலும் ஒளிந்து செல்வோர் உயிரிழப்பதும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிச் செல்வது கருணையாகாது. சிறுவன் நிறுத்தியிருந்த லாரிகளை நோக்கி நடந்தான்.

“ஸக்காத்துக்குரிய எட்டு வகையாரில் வழிப்போக்கனும் உண்டே, இவன் அதில் சேரமாட்டானா?” என்று என் மனைவி கேட்டாள். ஊரை விட்டு வந்து இடைவழியில் கைப்பொருளின்றி நிற்பவனே வழிப்போக்கன் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, சொந்த ஊரிலிருந்து பயணம் தொடங்குபவனும் சேர்வான். ஆனால் அது ஆகுமான பயணமாக இருக்க வேண்டும். ஆகுமானதா என்பதை யார் தீர்ப்பது? அவள் கேட்டதும் நான் விளக்கியதும் துறைமுக வாயில் வரை நீண்டன. முடிவுக்கு வரவில்லை.

துறைமுகத்தில் அனைவரையும் இறக்கிவிட்டு வண்டியை ஊடுகதிர்க் கருவி வழியே செலுத்தினார்கள். சுங்கத் தாளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியதைக் கண்ணால் கண்ட பிறகே மகன் நகர்ந்தான். நீக்காது விட்டால் அடுத்த முறை செல்லும்போது பழைய வண்டி இன்னும் அந்நாட்டில் இருப்பதாகவே கணக்கில் நிற்கும்.

ஸ்பெயின் கரையில் மீண்டும் இரண்டு வரிசை. அதிகாரி எங்கள் விசாவில் பலமுறை நுழைவு என்றிருப்பதை விரலால் தடவிப் பார்த்து முத்திரையிட்டார். 2025 அக்டோபர் 12 முதல் அம்முத்திரையின் இடத்தில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. படம் மட்டும் உண்டு. இனிச் செல்வோர் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு, முதியோரின் மருந்தையும் குடிதண்ணீரையும் வண்டியின் அடியறையில் பூட்டிவைக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும்.