மாற்றப்படும் கருவி, மாறாத கிருபை



ஒன்பது ஆண்டுகளுக்கு முன், என் இருதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறையைச் சென்று சேராமல் தடைப்பட்டது. நாடி நிமிடத்திற்கு முப்பதாய்க் குறைந்து, பிரசங்க பீடத்தருகே மயங்கி விழுந்தேன். பேஸ்மேக்கர் பொருத்தினார்கள், எழுந்து மீண்டும் ஊழியத்திற்கு வந்தேன். சென்ற வாரப் பரிசோதனையில், "ஐயா, பேட்டரி தீரப்போகிறது, கருவியை மாற்ற வேண்டும்" என்றார் மருத்துவர். இருதயத்துக்குள் செல்லும் வயர் அப்படியே இருக்கும், தோளெலும்பின் கீழுள்ள கருவியை மட்டும் மாற்றுவோம் என்றும் விளக்கினார்.

ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பயப்படாதிருங்கள் என்று உங்களுக்குச் சொல்லிவந்த நான் பயந்தேன். ஒரு முறுமுறுப்பும் எழுந்தது: சுகம் தந்த ஆண்டவர் ஏன் அதை ஒரேயடியாகத் தரவில்லை?

அப்போது ஸ்வீடன் தேசத்து ஆர்னே லார்சனின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவருக்கும் இதே இருதயத் தடைதான். ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுவார். அவருடைய மனைவி எல்ஸ்-மாரி, அறுவை மருத்துவர் சென்னிங்கையும் பொறியாளர் எல்ம்க்விஸ்ட்டையும் விடாது மன்றாடினார். 1958 அக்டோபர் 8 அன்று, உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் முழுமையாகப் பதிக்கப்பட்ட பேஸ்மேக்கரை லார்சன் பெற்றார். அது சில மணி நேரமே இயங்கியது, மாற்றினார்கள். அடுத்ததும் நிலைக்கவில்லை. வாழ்நாளில் அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டன. 43 வயதில் சாவின் விளிம்பில் நின்றவர், 86 வயதுவரை வாழ்ந்து, 2001-ல் புற்றுநோயால் மறைந்தார். அவரைக் காப்பாற்றிய இருவரும் அவருக்கு முன்பே மறைந்திருந்தனர்.

அந்த 43 ஆண்டுகளும் ஒரே கருவியால் வந்தவை அல்ல. வனாந்தரத்தில் மன்னாவும் மொத்தமாய்க் கொடுக்கப்படவில்லை, அன்றன்றைக்கே கொடுக்கப்பட்டது. நான் குறையென்று எண்ணியது, கிருபை வரும் வழியே என்று அன்றிரவு உணர்ந்தேன்.

நம் சபையிலும் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். நலமாயிருக்கிறேன் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதிருங்கள். பேட்டரிக்காக மட்டுமல்ல, கீழறையில் நெடுங்காலம் துடிப்பூட்டப்படும் சிலருக்கு இருதயம் பலவீனமடையக்கூடும், எக்கோவில் அதை முன்னரே கண்டறியலாம். கருவி வைப்பது அவிசுவாசம் என்று தயங்குவோரே, மருத்துவரின் கையையும் கர்த்தர் பயன்படுத்துகிறார்.

அடுத்த வாரம் எனக்குச் சிகிச்சை. எனக்காக ஜெபியுங்கள்.

ஆண்டவரே, இன்றைய துடிப்புக்காக ஸ்தோத்திரம். நாளையதற்காக உம்மை நம்பியிருக்கக் கற்றுத்தாரும். ஆமென்.