மாயமும் கூலியும்

மாயக்கதை எழுதுகிறவனை நம் இலக்கிய உலகம் இருவகையாக நோக்கி வந்திருக்கிறது. ஒரு சாரார் அவனைச் சிறுவர்க்கு மிட்டாய் விற்பவனாகக் கருதி அன்போடு ஒதுக்கிவிடுவர். மற்றொரு சாரார், சமுதாயத்தின் துயரங்களை நேர்நின்று பார்க்க அஞ்சிப் பறக்குங் கம்பளத்தில் ஏறி ஓடிவிட்டவனென்று கடிந்துகொள்வர். யதார்த்தத்தை இலக்கியத்தின் உயிரெனக் கொள்ளும் அணியைச் சேர்ந்தவர்கள் நாம். ஆயினும் பல ஆண்டுகளாக மாயக்கதைகளையும் எழுதி வருகின்றோம். இவ்விரண்டும் எப்படி ஒரு கூரையின் கீழ் இருக்கும் என்ற கேள்வி எம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது.

இதற்குக் கொள்கை விளக்கமாக விடை கூறுவதிலும் பார்க்க, ஒரு மனிதரின் வாழ்க்கையையும் அவர் எழுதிய நூலையும் எடுத்துக் காட்டுவது நன்றெனக் கருதுகின்றோம். அவர் நைஜீரியா நாட்டு எழுத்தாளரான அமோஸ் டுட்டுவோலா.

1920ஆம் ஆண்டு, அபெயோகுட்டா நகரில், கொக்கோ பயிரிட்டு வாழ்ந்த யொரூபாக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். சிறு வயதில் இன்னொருவர் வீட்டில் வேலைக்காரனாக இருந்தார். அந்த வேலைக்குக் கூலியாகக் கிடைத்தது பணமன்று. பள்ளிக்கூடம் போகும் வாய்ப்பே. அதுவும் ஏறத்தாழ 6 ஆண்டுகளே நிலைத்தது. 1939இல் தந்தை இறந்தபின் படிப்பு நின்றது. கொல்லுத் தொழில் பழகினார். இரண்டாவது உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப் படையிற் செப்பு வேலை செய்தார். போர் முடிந்ததும் வேலை தேடி அலைந்து, ஈற்றில் லாகோஸ் நகரத்துத் தொழில் திணைக்களத்திற் பியோனாக அமர்ந்தார். அடுத்த ஏவல் வரும்வரை காத்திருப்பதே அவ்வேலையிற் பெரும்பகுதி. அந்தக் காத்திருப்பு நேரத்திலேதான் கிடைத்த தாள்களில் அவர் கதை எழுதினார். அவருடைய முதல் நூலை 1952இல் இலண்டனிலுள்ள பேபர் அன்ட் பேபர் நிறுவனம் வெளியிட்டது. 'த பாம்-வைன் டிரிங்கார்ட்' என்பது அதன் பெயர். 'கள்ளுக்குடியன்' என நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கதை இதுதான். செல்வந்தரின் மகனொருவனுக்குக் கள்ளுக் குடிப்பதைத் தவிர வேறு தொழிலே தெரியாது. தந்தை அவனுக்கு 560,000 மரங்கள் கொண்ட தோட்டமொன்றைக் கொடுத்து, கள்ளிறக்க ஒரு தொழிலாளியையும் அமர்த்துகிறார். அத்தொழிலாளி காலையில் 150 முட்டியும் மாலையில் 75 முட்டியும் இறக்கிக் கொடுக்கிறான். ஒருநாள் அவன் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறான். கள் நின்றதும் நண்பர் கூட்டமும் கலைந்துவிடுகிறது. இறந்தவனைத் தேடி, இறந்தோர் வாழும் ஊருக்குக் குடியன் புறப்படுகிறான்.

இத்தொடக்கத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். பேய்களும் பூதங்களும் நிறைந்த நீண்ட பயணம் முழுவதற்கும் காரணமாக அமைவது, மரத்திலிருந்து விழுந்து செத்த ஒரு தொழிலாளியின் சாவு. அவன் உயிரோடிருந்தபோது அவனுடைய உழைப்பு யாருடைய கண்ணிலும் படவில்லை. அவன் இல்லாதபோதுதான் முதலாளியின் உலகம் நடுங்குகிறது. இதை ஒரு பொருளாதாரக் கட்டுரையாக எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பர்? 1977இல் இபாடான் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவாற்றிய சினுவா அச்செபே, இந்நூலின் பொருள் உழைப்புக்கும் களிப்புக்கும் உள்ள உறவே என்று வாதித்தார். உழைப்பை முற்றாகத் துறந்து களிப்பில் மூழ்கியவனுக்கு விதிக்கப்பட்ட நெடிய தண்டனையாக அவர் அப்பயணத்தைக் கண்டார். எமக்கும் அதுவே சரியான வாசிப்பாகத் தோன்றுகிறது.

வழியில் வரும் ஒரு நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. சந்தையில் ஓர் அழகிய கனவானைக் கண்ட பெண்ணொருத்தி மயங்கி அவன் பின்னே காட்டுக்குட் செல்கிறாள். போகும் வழியில் அவன் தன் பாதங்களைக் கழற்றி உரியவரிடம் ஒப்படைத்து அவற்றுக்கான வாடகையைக் கொடுக்கிறான். பின்னர் வயிறு, விலா, நெஞ்சு, கைகள், கழுத்து என ஒவ்வோர் உறுப்பாகத் திரும்பிப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் வாடகை எண்ணிக் கொடுக்கப்படுகிறது. ஈற்றில் எஞ்சுவது ஒரு மண்டையோடு. இரவற் பகட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டிய யதார்த்தக் கதையை நாம் இன்னும் படிக்கவில்லை.

மற்றோரிடத்தில், குடியனும் அவன் மனைவியும் ஒரு பெரிய வெண்மரத்தினுள்ளே நுழையுமுன் தங்கள் மரணத்தை 70 பவுண் 18 சிலிங் 6 பென்சுக்கு விற்றுவிடுகின்றனர். அச்சத்தையோ மாதம் 3 பவுண் 10 சிலிங் வட்டிக்குக் கொடுக்கின்றனர். வெளியே வந்ததும் வட்டியோடு அச்சத்தை மீளப் பெற்றுக்கொள்கின்றனர். விற்ற மரணத்தை மீட்க முடியவில்லை; விற்றது விற்றதுதான். ஆகவே அதன்பின் அவர்களால் இறக்க இயலாது, அஞ்ச மாத்திரம் இயலும். வாசகர் சிரித்துவிட்டு மறுகணம் சிந்திக்கத் தொடங்குவார். குடியேற்ற ஆட்சியின் பவுணும் சிலிங்கும் புகுந்த நாட்டில், மனிதனிடத்தில் விற்கப்படாத பொருள் எது?

மாயக்கதைத் தொழிலின் நுட்பமும் இங்கேதான் இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்ற உலகிற் கதையே இல்லை. நினைத்ததும் வந்து விழும் மாம்பழத்தின் சுவையை எவரும் நம்பார். அற்புதத்துக்கு ஒரு விலை வேண்டும். அவ்விலையை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். ஒருமுறை வகுத்த விதியை நாயகனுக்காகவேனும் தளர்த்தக்கூடாது. டுட்டுவோலா கணக்கெழுதுகிறவரைப் போல எண்ணிக்கைகளைத் துல்லியமாகக் கொடுப்பது விளையாட்டன்று. 70 பவுண் என்று நிறுத்தியிருந்தால் அது கட்டுக்கதை. அந்த 6 பென்சு வந்து சேர்ந்ததும் பற்றுச்சீட்டுப் போன்ற உறுதி பிறந்துவிடுகிறது.

எமது அனுபவத்திலும் இது மெய்யாயிற்று. பூதங்கள் ஓரிரவிற் குளங்கட்டிக் கொடுத்த கதைகளை நம் கிராமங்களிற் பலரும் கேட்டிருப்பர். அதைத் தழுவி நாம் ஒரு கதை எழுதத் தொடங்கினோம். அணை எழுந்துவிட்டது, விடிந்தும் விட்டது. ஆனால் அதற்குமேற் பேனா நகரவில்லை. பூதங்களுக்குக் கூலி என்ன என்பதை நாம் இன்னும் முடிவுசெய்யவில்லை என்பது பல நாட்கள் கழிந்தே புலனாயிற்று. பின்னர், ஒவ்வொரு குடும்பமும் தன் வயலின் அளவுக்கேற்ப நாள்தோறும் தூக்கத்திற் சில நாழிகைகளைப் பூதங்களுக்குத் தரவேண்டும் என்று விதி வகுத்தோம். விதி பிறந்ததும் கதை தானே நடந்தது. குளத்து நீரிற் பெரும்பங்கைப் பெற்ற போடியார் தம் பங்குத் தூக்கத்தைத் தம்மிடம் வேலைசெய்த வயற்காரர்மேற் சுமத்திவிட்டு நிம்மதியாக உறங்கினார். வயற்காரரோ நீர் வந்த ஆண்டிலிருந்து கண் மூடியதில்லை. இதை நாம் திட்டமிட்டு எழுதவில்லை. விலை என்ற ஒன்றை வைத்தவுடனே, அதை யார் தலையில் யார் கட்டுவது என்ற வினாவும் கூடவே வந்துவிட்டது.

அக்கதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினோம். போடியாரை வைத்துக்கொண்டு பூதங்களை எடுத்துவிடுமாறு அதன் ஆசிரியர் எழுதினார். பின்பு சிறுவர் நூல் வெளியிடும் ஒருவரிடம் கொடுத்தோம். பூதங்கள் இருக்கட்டும், போடியாரை நீக்கிவிடுங்கள் என்றார் அவர். இருவரும் நல்ல மனிதர்கள். இருவரும் ஒரே கதையை இரு துண்டாக வெட்டக் கேட்டனர். கடைசியில் ஒரு சிற்றேடு அதை முழுமையாக அச்சிட்டது. சன்மானம் கொடுக்க அவர்களிடம் பணமில்லை.

டுட்டுவோலாவையும் இவ்வாறே இருபுறமும் வெட்டினார்கள். அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூட இலக்கணத்துக்கு அடங்காதது. யொரூபாப் பேச்சின் நடையிற் செல்வது. பதிப்பாளர் அதைப் பெரிதும் திருத்தாமலே வெளியிட்டனர். கவிஞர் டிலன் தோமஸ் 'ஒப்சேர்வர்' பத்திரிகையில் அந்நூலை மிகவும் பாராட்டி எழுதினார். ஆனால் மேனாட்டு விமரிசகர் சிலர் அதைக் கல்லாத மனிதனொருவனின் வேடிக்கையென்றே சுவைத்தனர். நைஜீரியாவிற் படித்தவர் சிலரோ, இந்தப் பிழையான ஆங்கிலம் தம் நாட்டை உலகின்முன் தலைகுனிய வைத்ததென்று சினந்தனர். புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் அவரை ஒரு கைவினைஞராகக் காணவில்லை.

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இச்சினம் புதிதன்று. 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையிற் கொண்டுவந்த எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று சொல்லி ஒதுக்க முயன்றதை நாம் மறக்கவில்லை. எவருடைய வாய்மொழி ஏட்டில் ஏறலாம் என்ற கேள்வி, எவருடைய வாழ்வு இலக்கியமாகலாம் என்ற கேள்வியேயாகும்.

கருப்பொருள் அவருடையதன்று, யொரூபா மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகளை எடுத்துக்கொண்டார் என்றும் குறை கூறினர். 1938இலேயே டி. ஓ. பகுன்வா என்னும் ஆசிரியர் யொரூபா மொழியிற் காட்டுப் பேய்களின் கதையை நாவலாக எழுதியிருந்தார் என்பதும், டுட்டுவோலா அவ்வழியில் வந்தவர் என்பதும் உண்மையே. பகுன்வாவின் நூலை வொலே சொயின்கா ஆங்கிலத்திற் பெயர்த்தது 1968இல். ஆனால் ஊருணி நீரை மொண்டு குடித்தவனைத் திருடனென்று சொல்வாருண்டோ? மக்கள் கதை பொதுச்சொத்து. எதை எடுப்பது, எதனோடு எதைப் பொருத்துவது என்பதிலேதான் ஆசிரியனின் உழைப்பு இருக்கிறது.

தொழிலென்ற வகையில் இந்த உழைப்பு சோறு போடுமா? 1954இல் டுட்டுவோலாவின் இரண்டாவது நூல் இலண்டனில் வெளிவந்தது. அடிமை பிடிப்போருக்கு அஞ்சி ஓடிய 7 வயதுச் சிறுவன் பேய்க்காட்டினுள் 24 ஆண்டுகள் அலைந்த கதை அது. தொலைக்காட்சி போல உள்ளங்கையிற் பிறந்த ஊரைக் காட்டும் பேய்ப்பெண் ஒருத்தி அதில் வருகிறாள். நைஜீரியாவிலே தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது 1959இலேதான். அதே 1954இல், அதே இலண்டனில், டோல்கியனின் 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' நூலின் முதற் பாகமும் வெளியாயிற்று. டோல்கியன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். அந்நூலை எழுத ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுத்தார். அவருடைய மேதையை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் மாத வேதனம் தவறாத ஒருவருக்கே அத்தனை ஆண்டு பொறுமை வாய்க்கும். ஏவலுக்கும் ஏவலுக்கும் இடையே எழுதுகிறவன் துண்டுதுண்டான நேரத்தையே தன் நூலின் வடிவமாக்கிக்கொள்ள நேர்கிறது. டுட்டுவோலாவின் கதை நிகழ்ச்சிக்குமேல் நிகழ்ச்சியாகத் தொடுத்துச் செல்வதற்கு வாய்மொழி மரபு ஒரு காரணம். கந்தோர் மணியும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது எமது துணிபு.

உலகப் புகழ் வந்தபின்னும் அவர் சம்பள வேலையை விடவில்லை. 1956இல் நைஜீரிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற் களஞ்சியப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். 1979இல் இபே பல்கலைக்கழகம் அவரை ஆய்வாளராக அழைத்தது. 1997இற் காலமானார். இன்று மாயக்கதை பெருவணிகமாகி, திரைப்படமும் தொடர்களுமாக உலகெங்கும் விற்பனையாகின்றது. ஆனால் நம் நாட்டில் தமிழில் எழுதுகிறவன் பெரும்பாலும் தன் கைப்பணத்தைக் கொடுத்தே நூலை அச்சிட்டு, தானே சுமந்து சென்று நண்பர்களிடம் விற்கிறான். இந்நிலையில் மாயக்கதை எழுத வரும் இளைஞரிடம், எழுத்தை நம்பி வேலையை விடுங்கள் என்று எம்மாற் சொல்ல முடியாது. வேலையை விடமுடியாத காரணத்தால் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள் என்பதையே சொல்வோம்.

கள்ளுக்குடியனின் முடிவையும் கூறிவிடுவது பொருந்தும். இறந்த தொழிலாளியை அவன் கண்டுபிடிக்கிறான். ஆனால் இறந்தவர் உயிருள்ளோருடன் வாழ முடியாது. தொழிலாளி ஒரு மாய முட்டையை மட்டும் கொடுத்தனுப்புகிறான். ஊர் திரும்பும்போது பஞ்சம். முட்டை உலகுக்கே உணவளிக்கிறது. கூட்டம் நெருக்க, அது உடைந்துபோகிறது. ஒட்டவைத்த முட்டையிலிருந்து பின்னர் வருவன சவுக்குகளே. ஈற்றில் வானத்துக்குப் பலி கொண்டுபோகிறான் ஓர் அடிமை. மழை பெய்கிறது, பஞ்சம் தீர்கிறது. அந்த மழையில் நனைந்து திரும்பிய அடிமைக்கோ ஒரு வீடும் கதவு திறக்கவில்லை. தம்மையும் அவன் வானத்துக்குக் கொண்டுபோய்விடுவான் என்று ஊரார் அஞ்சினர்.

அந்த அடிமையை நனையவிட்டுவிட்டு, மழை பெய்தது, யாவரும் சுகமாக வாழ்ந்தனர் என முடிக்கும் மாயக்கதைகள் உண்டு. அவை தப்பியோடும் இலக்கியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. மழையை யார் கொண்டுவந்தார், அவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கும் கதைகளும் உண்டு. அவற்றிற் பேய் வந்தாலும், பூதம் வந்தாலும், மண்டையோடு கனவான் வேடம் பூண்டு வந்தாலும், அவற்றை யதார்த்தத்தின் பக்கத்திலேயே நாம் வைப்போம்.