திருப்பத்தில் இருமிய வண்டி

மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பதிலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவன், எஞ்சினின் சப்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் வியாதி இன்னதென்று சொல்லிவிடுவான் என்றொரு நம்பிக்கை ஜனங்களிடம் உண்டு. அந்த நம்பிக்கை எங்கள் பிழைப்புக்கு அனுகூலமானது என்பதால் நாங்களும் அதை மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஓர் ஐப்பசி மாதத்தில், மழை விட்ட மறுவாரம் என் பட்டறைக்கு வந்து சேர்ந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, கேட்பது ஒன்றாகவும் புரிந்துகொள்வது வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த வயதில் எனக்குக் காட்டிவிட்டுப் போயிற்று.

அது 1967-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்.ஜி.பி.; இருவர் அமரும் திறந்த வண்டி. பார்வைக்குச் சீமைச் சீமாட்டிபோல் தோன்றினாலும், அதன் மூடியைத் தூக்கியவுடன் என் போன்றவர்களுக்கு உண்டாகும் உணர்ச்சி உறவினர் வீட்டுக்குள் நுழைந்த உணர்ச்சிதான். ஏனென்றால் நாங்கள் கைபழகிய அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும், இதிலுள்ள 1798 சி.சி. எஞ்சினும் ஒரே பி.எம்.சி. குடும்பத்தில் பிறந்தவை, அம்பாசடரில் ஒற்றைக் கார்புரேட்டர் இருக்கும் இடத்தில் இங்கே எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு நிற்கும், முன்னது முதலிரண்டு சிலிண்டர்களுக்கும் பின்னது மற்ற இரண்டுக்குமாக. பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. பின்சக்கரத்துக்கருகில் இருந்துகொண்டு, சாவியைத் திருப்பியதும் பல்லி சொல்வதுபோலத் தட்டத் தொடங்கி, இரண்டு மிதவைக் கிண்ணங்களும் நிறைந்ததும் மௌனமாகிவிடும். அந்தத் தட்டலும் அதன் பின்வரும் மௌனமும் எனக்கு மிகவும் பிரியமானவை.

சொந்தக்காரர் மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர். வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது, "நேராப் போனா நன்னாத்தான் போறது, மேஸ்திரி, திரும்பினாத்தான் இருமறது" என்று சொன்னார். நோயாளி சொல்லும் முதல் வாக்கியத்திலேயே நோய் அடங்கியிருக்கும் என்று வைத்தியர்கள் சொல்வார்களாம். நானோ அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டேனே ஒழியக் கருத்தில் வாங்கவில்லை. படித்தவர்கள் எதையும் அழகாகச் சொல்லிப் பழகியவர்கள், இதுவும் அப்படியொரு அழகு என்று விட்டுவிட்டேன். என் பட்டறையிலும் வண்டி நின்ற இடத்திலேயே மிஸ்ஸிங் அடித்துக்கொண்டுதானே இருந்தது!

நான்கு பிளக்குகளின் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் ஒயரைப் பிடுங்கும்போது ஓட்டத்தில் மாறுதல் தெரியாது. பின்னிரண்டு மட்டும் தளர்ந்திருந்தால் பின் கார்புரேட்டரின்மேல் சந்தேகம் போகும். இங்கே நான்கும் ஒன்றுபோல் சோர்ந்திருந்தன. ஆகவே கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில், அதாவது ஒன்று மின்பொறி புறப்படும் இடத்தில் அல்லது பெட்ரோல் புறப்படும் இடத்தில் இருக்க வேண்டும். இதுவரை என் தர்க்கம் பழுதற்றது. இரண்டு வழிகள் பிரியும் அந்த இடத்தில்தான், ஒரு மாதத்துக்கு முன்பு நானே என் கையால் அந்த வண்டிக்கு ஒரு புதிய கண்டென்சரைப் பொருத்திய ஞாபகம் குறுக்கே வந்து நின்றது. இக்காலத்தில் செய்து விற்கப்படும் கண்டென்சர்களின் யோக்கியதை தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் தெரியும். கார்புரேட்டர் கோளாறு என்று வருவனவற்றில் பத்தில் ஒன்பது மின்சாரக் கோளாறே என்றொரு வசனமும் எங்களுக்குள் வெகு நாளாக வழங்கி வருகிறது. தன் கைவேலையையே முதலில் சந்தேகிப்பது யோக்கியமான தொழிலாளியின் லட்சணம் என்ற பெருமிதத்தோடு, கண்டென்சர், பாயிண்ட், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று ஒரு பகல் முழுவதையும் அந்த வழியிலேயே செலவிட்டேன். அடக்கமும் சில சமயம் அகங்காரத்தின் வேஷம்தான்.

பிளக்குகள் நான்கும் வெளுத்திருந்ததையும் பார்த்தேன். கலவையில் பெட்ரோல் குறைந்தால் பிளக்கின் முனை பொன்பழுப்பு நிறத்தை இழந்து சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும் என்பது பட்டறைக்கு வந்த முதல் வருஷத்துப் பாடம். கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டி வந்திருப்பார், அதனால் வெளுத்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என்னிடம் வேலை பழகும் பையன் மாலையில் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்துவதற்காக ஸ்டார்ட் செய்தவன், குளிர்ந்த எஞ்சின் என்று எண்ணிச் சோக்கை இழுத்தான். இழுத்ததும் இருமல் பாதியாகக் குறைந்தது. எஸ்.யு. கார்புரேட்டரில் சோக்கை இழுப்பதென்றால் பெட்ரோல் வரும் ஜெட்டைக் கீழே இறக்கிக் கலவையைக் கெட்டிப்படுத்துவது. சூடான எஞ்சின் அதனால் தெளிந்தால், அது பசியால் வாடுகிறது என்று அர்த்தம். மின்பொறியில் ஊனமிருந்தால் இவ்வளவு தெளிவு உண்டாகாது. இரண்டு விநாடியில் முடியும் இந்தப் பரீட்சையைக் காலையிலேயே செய்திருக்கலாம். பையனிடம் அதைச் சொல்லவில்லை. "அப்படியே வெச்சிரு" என்று மட்டும் சொன்னேன்.

மிதவைக் கிண்ணத்தின் மூன்று திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் பளிங்குபோல் இருந்தது. கிணற்றை மேலிருந்து பார்த்து அடிநீரின் சுவையைச் சொல்ல முடியாதது போலவே, நிறமற்ற இரண்டு திரவங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதை மேலிருந்து பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. ஆஸ்பத்திரி ஊசிக்குழல் ஒன்றை அடிவரை விட்டு உறிஞ்சிக் கண்ணாடிச் சீசாவில் விட்டபோதுதான், நடுவே ஒரு கோடு பிரத்தியட்சமாயிற்று. இந்தக் கார்புரேட்டரில் ஜெட்டுக்குப் போகும் குழாய் கிண்ணத்தின் அடியிலிருந்து புறப்படுகிறது. கனமான திரவம் எதுவோ அதையே எஞ்சின் முதலில் குடிக்கும்.

தண்ணீர் என்று நான் தீர்மானித்தேன். என் வாத்தியார் கற்றுக்கொடுத்த பரீட்சை ஒன்று உண்டு: சந்தேகமான பெட்ரோலின் அடிப்பாகத்தில் சில துளிகளை வெளியே செங்கல்லின்மேல் விட்டு நெருப்புக் காட்டினால், பெட்ரோல் எரியும், தண்ணீர் எரியாது. (பட்டறைக்குள் இதைச் செய்து பார்த்தவர்கள் சிலர் பட்டறையையே இழந்திருக்கிறார்கள்.) பின்வாசலில் செய்தேன். அது எரிந்தது. ஆனால் பெட்ரோலின் மஞ்சள் ஜுவாலையாக இல்லாமல், அந்தி வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் வெளிறிய நீலமாக எரிந்து, முடிவில் செங்கல்லில் ஈரத்தை விட்டுவிட்டு அணைந்தது.

வாத்தியாரின் பரீட்சை பொய்யன்று. அது வேறொரு பெட்ரோலுக்கு ஏற்பட்டது. அவர் காலத்தில் பெட்ரோலுக்குச் சத்துரு மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றியதும், பங்கில் வடிதாள் கேட்டு ஒரு துளி விட்டுக் கறை படிகிறதா என்று பார்ப்பதும் அந்தச் சத்துருவுக்காகவே. இன்று நாம் வாங்குவதில் நூற்றுக்கு இருபது எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலோடு உள்ள சிநேகத்தைவிடத் தண்ணீரோடு உள்ள பாந்தவ்யம் அதிகம். கொஞ்சம் தண்ணீர் சேரும்வரை மூன்றும் ஒன்றாகவே இருக்கும், ஓர் எல்லையைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த அடிப்படலம் தண்ணீருமன்று, பெட்ரோலுமன்று; எரியவும் எரியும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கோ 9 பங்கு போதும். ஆகவே பெட்ரோலுக்கென்று அளந்து வைத்த ஜெட்டின் வழியே இது வரும்போது எஞ்சின் முற்றிலும் சாவதுமில்லை, நன்றாகப் பிழைப்பதுமில்லை.

தொட்டியை வடித்தோம். அடிப்படலம் நாலரை லிட்டர் இருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, பங்க்காரன் நாலரை லிட்டர் தண்ணீரை விற்றுவிட்டான் என்று கோபம் கொண்டார். அதில் பெரும்பகுதி எத்தனால் என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அளவுகோடிட்ட குழாயில் நல்ல பெட்ரோல் 80 மில்லி விட்டு 20 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடுவதால் 20-இல் இருக்க வேண்டிய கோடு ஏறக்குறைய 36-க்கு ஏறி நிற்கும். அவருடைய தொட்டியின் மேல்பெட்ரோலை அவ்வாறே குலுக்கியபோது கோடு 20-ஐ விட்டுச் சிறிதே நகர்ந்தது. எத்தனால் ஏற்கெனவே கீழே போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி. எத்தனாலோடு ஆக்டேனும் குறைந்துவிடுவதால், 8.8-க்கு 1 என்று அழுத்தும் அந்த எஞ்சினுக்கு மேல்பெட்ரோலும் உதவாது. பாகம் கழுவ எடுத்துக்கொண்டேன். கலக்கிவிட்டால் மறுபடியும் சேர்ந்துகொள்ளும் என்று சிலர் தொட்டியை உலுக்குவதுண்டு, சேராது.

அப்போதுதான் அவருடைய முதல் வாக்கியம் எனக்கு அர்த்தமாயிற்று. உறிஞ்சுகுழாயின் வாய் தொட்டியின் அடியிலிருந்து சற்றே உயர்ந்திருக்கிறது. நேர்ச்சாலையில் அடிப்படலம் அதற்குக் கீழே சமமாகக் கிடக்கும், திரும்பும்போது ஒரு பக்கமாக ஏறி வாய்க்குள் புகும். என் பட்டறைக்கு வர இரண்டு குறுகிய சந்துகளைத் திரும்பியாக வேண்டும். ஆகவே என்னிடம் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த வண்டி கிண்ணம் நிறைய வியாதியோடு நின்றது.

தண்ணீர் எப்படி வந்தது? அதே பங்கிலிருந்து மறுநாள் அவர் கொண்டுவந்த பெட்ரோலைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. தொட்டி மூடியைத் திருகிப் பார்த்தபோது அதன் ரப்பர் வளையம் விரல்பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. தீபாவளிக்கு முன் வண்டியை வேகமான நீர்ப்பீச்சில் கழுவினீர்களா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, வளையத்தின் துண்டொன்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குழாய்களை ஊதி, ஜெட்டுகளைக் கழுவி, எத்தனாலில் ஊறிப் பிசுபிசுத்திருந்த பழைய ரப்பர் குழல்களை மாற்றி, புது வளையமிட்டுப் பத்து லிட்டர் விட்டுச் சாவியைத் திருப்பினேன். பம்ப் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்து பிறகு நின்றது. பேராசிரியர் ஓட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் சந்துத் திருப்பம் வரை நேர்வழிதான். அதுவரை அது நன்றாக ஓடுவதில் எனக்கு அக்கறையில்லை. பையனைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, வண்டி திருப்பத்தில் மறைந்து இரண்டாவது சந்துக்குள் போகும் சப்தம் வரும்வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.