சூபன்ஹவுசனில் ஒரு பகல்

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்கு வடபாலுள்ளது சூபன்ஹவுசன். புகையிரதத்தை விட்டிறங்கியதும், மூன்று தூண்களின்மேல் மிதப்பதுபோல் நிற்கும் போர்ஷே நூதனசாலை கண்ணிற்படுகின்றது. 2009இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்துள் அழகிய வண்டிகள் பல நிற்கவும், என் உள்ளத்தைக் கவர்ந்தது ‘911’ என்னும் வண்டியின் இயந்திர வரலாறே.

தண்ணீரின்றிக் காற்றினாலே குளிரும் ஆறு சிலிண்டர் இயந்திரம் அது. 1964இல் அதன் கொள்ளளவு 1,991 கன சென்ரிமீற்றர். வலுவைக் கூட்ட விரும்பிய பொறியியலாளர், 1969இல் சிலிண்டரின் விட்டத்தை 80 மில்லிமீற்றரிலிருந்து 84 ஆக்கினர். 1971இல் பிஸ்டன் ஓடும் தூரத்தை 66இலிருந்து 70.4 ஆக நீட்டினர். மேலும் அகலிப்பது எளிதன்று. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே 118 மில்லிமீற்றரே உண்டு. காற்றுப் புகவும் வழி வேண்டுமன்றோ?

1972இல் வழி பிறந்தது. சிலிண்டரின் உள்ளிருந்த இரும்புறையை நீக்கி, அலுமினியத்தின்மேல் நிக்கலும் சிலிக்கன் காபைட்டுங் கலந்த மெல்லிய பூச்சொன்றை இட்டனர். விட்டம் 90 ஆயிற்று. கொள்ளளவு 2,687 ஆக உயர்ந்தது. வீட்டின் புறச்சுவரை அசைக்காமலே அறையைப் பெருப்பித்த வித்தை இது!

ஆயினும், அப்பேறு விலையின்றி வரவில்லை. பின்வந்த 2.7 லீற்றர் வண்டிகள் பலவற்றில், மக்னீசியத்தாலான இயந்திரப் பெட்டியிற் பதித்த நீண்ட திருகாணிகள் வெப்பமிகுதியாற் தளர்ந்தன. மூன்று லீற்றருக்கு ஏறியபோது, பெட்டியையே அலுமினியத்தால் வார்த்தனர். அதன்பின் 1998 வரை அவ்வினம் வளர்ந்து வாழ்ந்தது.

மாணவரே, சுமையைக் கூட்டுமுன் அடியை உறுதிசெய்க என்பதே அங்கு நான் கற்ற பாடம்.