நேரலையும் செருகுநிரலும்: வாசலில் நிற்பவர் யார்?



பிறர் வீட்டினுள் நுழையும் முன் அனுமதி பெற்று, ஸலாம் உரைக்க வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். இந்த ஒழுக்கம் தெருக்கதவுக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். நம் இல்லங்களில் இன்னொரு கதவும் இருக்கிறது. இணையத்தைத் திறந்து காட்டும் உலாவி, அதாவது பிரவுசர்தான் அது. காணொளி பார்ப்பதற்காக அந்தக் கதவின் வழியே நாம் உள்ளே விடும் செருகுநிரலைப் பற்றி, அதாவது பிளக்-இன் பற்றி, என் குடும்பத்தில் நடந்த ஒன்றை முன்வைத்துச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2011ஆம் ஆண்டு ரமழான் ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. நான் வளைகுடாவில் பணியில் இருந்தேன். ஊரில் உம்மாவுடன் என் ராத்தாவும் அவருடைய பதினான்கு வயது மகனும் இருந்தார்கள். முழங்கால் வலி கூடிவிட்டதால், பெண்கள் தராவீஹ் தொழும் தைக்காவுக்கு நடந்து செல்ல அந்த ஆண்டு உம்மாவால் இயலவில்லை. ஹரம் ஷரீஃபின் தராவீஹையாவது நேரலையில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மக்காவின் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ரமழானில் அங்கே இஷாவும் தாமதமாகவே தொழப்படும். ஆகவே நம் ஊரில் தராவீஹ் முடிந்து தெரு அடங்கிய பிறகுதான் அங்கே தொடங்கும். ஷைகு அப்துர் ரஹ்மான் அஸ்ஸுதைஸ், ஷைகு ஸஊத் அஷ்ஷுரைம் ஆகியோரின் கிராஅத்தைக் கேட்டபடி கஅபாவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது உம்மாவின் கணக்கு. திரையைப் பின்பற்றித் தொழும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தம் தொழுகையைத் தாமே தொழுது முடித்த பின், பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே. இதை ஊர் ஆலிம்ஸாவிடம் முன்பே கேட்டுத் தெளிந்திருந்தார்கள்.

அந்நாளில் பெரும்பாலான நேரலைகளை உலாவி தானாகவே ஓட்டிவிடாது. ஒரு பக்கம் ஃப்ளாஷ் பிளேயரைக் கேட்கும். மற்றொன்று சில்வர்லைட்டைக் கேட்கும். வேறொன்று விண்டோஸ் மீடியா பிளேயரின் செருகுநிரலைக் கேட்கும். கேட்டது கணினியில் இல்லையென்றால், படம் வர வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் மட்டுமே நிற்கும்.

"ஒரு கட்டம்தான் தெரியுது வாப்பா, கஅபாவைக் காணோம்" என்று உம்மா தொலைபேசியில் சொன்னார்கள்.

என் மருமகன் ஆர்வம் மிகுந்த பிள்ளை. நன்னிக்குக் கஅபாவைக் காட்ட வேண்டும் என்று தானே இணையத்தில் தேடினான். ஏதோ ஒரு பக்கம், "உங்கள் பிளேயர் பழையதாகிவிட்டது, இங்கே சொடுக்கிப் புதுப்பியுங்கள்" என்றது. சொடுக்கினான். படமும் வந்தது. இரண்டு இரவுகள் உம்மா மனம் குளிரப் பார்த்தார்கள். மூன்றாம் இரவு, மதாஃபில் மக்கள் ஸஃப் கட்டி நிற்கும் காட்சியின் மீதே ஆபாச விளம்பரம் ஒன்று எழுந்து நின்றது. மூடினால் மீண்டும் வந்தது. உம்மா தம் துப்பட்டியை எடுத்துத் திரையின் மீது போட்டுவிட்டார்கள். கிராஅத் மட்டும் துணிக்கு அடியிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது என்று ராத்தா பிறகு சொன்னார்.

மறுநாள் உம்மா என்னிடம் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. "வேண்டாம் வாப்பா. கஅபா தெரியிற எடத்துல அதுவும் வருது. நான் பாக்காமலே இருந்துக்கிறேன்."

மருமகன் நோன்பு திறக்கக்கூட அறையைவிட்டு வெளியே வரவில்லையாம். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க ராத்தா, ஃபோனை அவன்கிட்ட குடுங்க" என்றேன். அவன் நல்ல நோக்கத்தோடு கதவைத் திறந்தவன். பொய் சொன்னவன் வெளியே நின்றவன். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்தாமல் ஏசிவிட்டால், அடுத்த முறை ஏதேனும் நடந்தால் அவர்கள் நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

அன்று மாலை இருவரும் தொலைபேசியிலேயே வேலையைத் தொடங்கினோம். கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தச் சொன்னேன். ஒரே நாளில் நுழைந்த மூன்று பெயர்கள் அங்கே இருந்தன. வீட்டில் யாருக்கும் அவை என்னவென்று தெரியவில்லை. மூன்றையும் நீக்கினான். பின்னர் உலாவியின் துணைநிரல் பட்டியலைத் திறந்து, அங்கே ஒட்டிக்கொண்டிருந்த கருவிப்பட்டையை அகற்றினான். மாறியிருந்த முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமைத்தான். நச்சுநிரல் தடுப்பானைக் கொண்டு கணினி முழுவதையும் சோதித்தோம். அந்தக் கணினியில் பயன்படுத்திய மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நான் இங்கிருந்து வேறொரு கணினி வழியாக மாற்றினேன்.

அதன் பிறகே செருகுநிரலை நிறுவினோம். தேடலில் வந்த இணைப்புகளைத் தொடாமல், தயாரித்த நிறுவனத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தேன். நிறுவும் முன் உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடச் சொன்னேன். நிறுவியும் முதலில் படம் வரவில்லை. காரணம் இரண்டு. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஃப்ளாஷ் வேறு, ஃபயர்ஃபாக்ஸுக்கான ஃப்ளாஷ் வேறு. ஒன்றில் நிறுவியது மற்றொன்றில் வேலை செய்யாது. மேலும், அவன் திறந்திருந்தது 64-பிட் எக்ஸ்புளோரர். அதற்கேற்ற ஃப்ளாஷ் அந்த ஆண்டு அக்டோபரில் பதினொன்றாம் பதிப்பு வரும் வரை முறையாக வெளிவரவில்லை. அதே கணினியில் இருந்த 32-பிட் எக்ஸ்புளோரரைத் திறந்ததும் படம் வந்தது. இணைய வேகம் போதாமல் அடிக்கடி நின்றதால், தெளிவு குறைந்த ஒளிபரப்பைத் தேர்ந்தெடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், எஞ்சிய இரவுகளில் துப்பட்டிக்கு அங்கே வேலை வரவில்லை.

செருகுநிரலுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

ஒரு சிறு நிரலால் எப்படி முகப்புப் பக்கத்தை மாற்றவும் விளம்பரங்களைக் கொட்டவும் முடிந்தது என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. சாதாரண இணையப் பக்கம் உலாவி கட்டிய வேலிக்குள்ளேயே இயங்கும். பழைய செருகுநிரலோ கணினியில் நாமே நிறுவும் நிரல். அந்தக் கணினியில் நமக்கு என்னென்ன உரிமை உண்டோ, பெரும்பாலும் அதே உரிமையோடு அதுவும் இயங்கும். கோப்புகளைத் திறக்கலாம்; வேறு நிரல்களையும் அழைத்து வரலாம். திண்ணையில் அமர வைக்க வேண்டியவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு இது ஒப்பானது. உண்மையான செருகுநிரல்களிலும் பாதுகாப்புக் குறைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டு வந்தன. போலிகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இதனால்தான் உலாவிகள் அந்தக் கதவை ஒவ்வொன்றாக அடைத்தன. குரோம் 2015 செப்டம்பரில் தன் 45ஆம் பதிப்பில் பழைய வகைச் செருகுநிரல்களை முற்றிலும் நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃப்ளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எந்தக் காணொளியும் ஓடாதபடி அடோபி நிறுவனமே தடுத்துவிட்டது. சில்வர்லைட்டுக்கான ஆதரவும் 2021 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. இன்று எச்டிஎம்எல்5 என்னும் முறையில் உலாவியே காணொளியை ஓட்டுகிறது. மக்காவிலிருந்து வரும் குர்ஆன் தொலைக்காட்சியின் நேரலையையும் மதீனாவிலிருந்து வரும் ஸுன்னா தொலைக்காட்சியின் நேரலையையும் யூடியூபில் பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2020 ரமழானில் ஊரடங்கின்போது, மதாஃப் வெறிச்சோடியிருக்க, ஹரமில் தராவீஹ் பத்து ரக்அத்தாகச் சுருக்கப்பட்ட அந்த இரவுகளை நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் கண்ணீரோடு பார்த்தோம்.

இதிலிருந்து நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று. காணொளியைப் பார்க்க பிளேயரைப் புதுப்பியுங்கள், செருகுநிரலை நிறுவுங்கள் என்று இன்று ஏதேனும் ஒரு பக்கம் கேட்டால், ஏறக்குறைய எப்போதும் அது பொய்யான அழைப்பே. செய்தி கொண்டு வருபவர் நம்பத்தகாதவராக இருந்தால் அதைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. முன்பின் தெரியாத பக்கம் தரும் எச்சரிக்கையும் ஒரு செய்திதான். உரிமையின்றித் திரைப்படங்களையும் கிரிக்கெட் ஆட்டங்களையும் காட்டும் பக்கங்களில் இத்தகைய அழைப்புகள் மிகுதி. பிறர் உழைப்பைத் திருடிக் காட்டுபவர், நம் வீட்டில் மட்டும் அமானிதம் பேணுவார் என்று எப்படி நம்புவது?

அனுமதியும் அமானிதமும்

பழைய செருகுநிரல்கள் போனாலும், நீட்சி எனப்படும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. காணொளியைப் பதிவிறக்க, விளம்பரத்தைத் தடுக்க, திரையைப் பெரிதாக்க என்று பலவும் உண்டு. பயனுள்ளவை பல. ஆனால் நிறுவும்போது உலாவி ஒரு கேள்வி கேட்கும். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இதை அனுமதிக்கிறீர்களா என்பது அதன் பொருள். வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் படங்களும் குடும்பக் கடிதங்களும் அந்தத் தரவுகளுள் அடங்கும். பார்வையின் காரணமாகவே அனுமதி கேட்டல் விதியாக்கப்பட்டது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அப்படியிருக்க, நம் வீட்டின் ஒவ்வொரு அறையையும் எட்டிப் பார்க்கும் உரிமையைப் படிக்காமலே ஒரு சொடுக்கில் கொடுத்துவிடலாமா? குடும்பத்தாரின் மானமும் மறைவும் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

காணொளி ஓடவில்லையென்றால், புதிதாக எதையும் நிறுவும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

உலாவியை அதன் சொந்தப் பட்டியலிலிருந்தே புதுப்பியுங்கள். விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளுக்கு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் குரோம் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. சிக்கல் அதுவாகவும் இருக்கலாம்.

கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். கடிகாரம் தவறினால் பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும்.

மறைநிலைச் சாளரத்தில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே நீட்சிகள் பொதுவாக இயங்காது. அங்கு ஓடினால், பெரும்பாலும் குற்றவாளி ஏதேனும் ஒரு நீட்சிதான். ஒவ்வொன்றாக நிறுத்திக் கண்டுபிடியுங்கள்.

ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுத்திருந்தால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள். விட்டுவிட்டு ஓடினால் தெளிவை 480 அல்லது 360 ஆகக் குறையுங்கள்.

மாதம் ஒரு முறையாவது நீட்சிகளின் பட்டியலைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். யார், எதற்காக அழைத்தது என்று தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களின் கணினியையும் கைபேசியையும் அவர்களின் அனுமதியோடு அவ்வாறே பார்த்துக் கொடுங்கள். கண்பார்வை குன்றிய தாய்க்கு இது நாம் செய்யும் பணிவிடைகளுள் ஒன்றாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

மூன்று முறை கேட்டுவிட்டுத் திரும்பிச் செல்வது முஃமினின் பண்பு. முப்பது முறை மூடினாலும் மீண்டும் முளைக்கும் சாளரம், தான் எப்படிப்பட்ட விருந்தாளி என்பதைத் தானே காட்டிவிடுகிறது. அதற்குக் கதவைத் திறக்காதிருப்போம். நம் இல்லங்களையும் பார்வைகளையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் எல்லாம் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. திரையில் மட்டுமே கஅபாவைக் கண்டு ஏங்கும் ஒவ்வொருவருக்கும் அதை நேரில் காணும் நற்பேற்றை அவன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.