ராயபுரம் ஷோகேஸில் ஒரு மடெய்ரா!

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்திருக்கீங்களா பாஸ்? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வைத்த கட்டடத்தைத் தாண்டி, துறைமுகத்துக்காகக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தால் ஒரு சந்து. அதன் கடைசி வீடு, என் ஃப்ரெண்டின் ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி வீடு. 'பாட்டி' என்று கூப்பிட்டால் கேக் கிடைக்காது. அதனால் எழுபத்தெட்டு வயதிலும் ஆன்ட்டிதான்!

அந்த வீட்டு ஷோகேஸில் வேளாங்கண்ணி மாதா பக்கத்தில் ஒரு பாட்டில். மடெய்ரா ஒயின், 'மால்ம்ஸி' வகை. கப்பலில் இன்ஜினியராக இருந்த அங்கிள், போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் வாங்கி வந்தது. "பசங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர்றப்ப திறக்கலாம்" என்றாராம். அங்கிள் போய்விட்டார். பசங்க பெர்த்தில். ஒருவருக்கு லீவு கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. முப்பது வருஷம் ஓடிவிட்டது.

"நம்ம ஊரு வெயில்ல இது வினிகரா மாறியிருக்கும் மேன்!" என்றார் ஆன்ட்டி.

அதுதான் இல்லை. மற்ற ஒயினுக்கு வெயில் எமன். மடெய்ராவுக்கு அதுதான் ஹீட் ட்ரீட்மென்ட்! கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அந்தத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் வந்தன. பூமத்திய ரேகையைத் தாண்டும்போது கப்பலின் அடித்தளம் அடுப்பாகக் கொதிக்கும். கெட வேண்டிய சரக்கு, இன்னும் ருசியாக இறங்கியது. அப்போது இங்கே துறைமுகம் ஏது? கப்பல் நடுக்கடலில் நிற்க, நம்மாட்கள் மசூலா படகில் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ப் பீப்பாய்களைக் கரை சேர்த்தார்கள்.

இப்போது கப்பல் சவாரி இல்லை. திராட்சைச் சாறு புளிக்கும்போது பாதியில் ஸ்பிரிட் ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை தங்கிவிடும். அதுதான் இனிப்பு. பிறகு டாங்கில் 45 டிகிரிக்கு மேல் மூன்று மாதம் சூடாக்குவார்கள். உசத்தி சரக்கு என்றால், பரண் சூட்டில் பீப்பாயிலேயே வருஷக்கணக்கில் ஊறும். இத்தனை சூட்டையும் காற்றையும் பார்த்த பிறகு, கெடுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. திறந்த பாட்டில்கூட மாதக்கணக்கில் தாங்கும்.

"திறந்தாலும் கெடாதா?" ஆன்ட்டி என்னையே பார்த்தார். "அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா வரணும்னு நான் ஏன் மேன் காத்திருந்தேன்?"

கிறிஸ்துமஸ் அன்று திறந்தோம். பாட்டில் நின்றபடியே இருந்தது நல்லதாகப் போச்சு. படுக்க வைத்தால் ஸ்பிரிட் கார்க்கை அரித்துவிடும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தோம். கார்க் உதிர்ந்தது, காபி வடிகட்டிதான் காப்பாற்றியது. அடியில் கசடு இருக்கும் என்பதால் ஆட்டாமல் ஊற்றணும். சாப்பாட்டுக்குப் பிறகு, சின்ன கிளாஸில், கால்வாசி மட்டும். 19 சதவீத ஆல்கஹால் என்பதால் மடக் மடக்கெல்லாம் கிடையாது. கூட பிளம் கேக், முந்திரி.

நிறம், அப்படியே பனைவெல்லப் பாகு. மோந்து பார்த்தேன்: உலர்ந்த திராட்சை, கருகிய சர்க்கரை, ஆரஞ்சுத் தோல். மோந்ததோடு சரி. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகணுமாச்சே! எனக்கு ஆன்ட்டி தந்தது போதை இல்லாத வீட்டு ஜிஞ்சர் ஒயின். தொண்டை எரிந்தது.

வீடியோ காலில் இரண்டு மகன்களும். ஆன்ட்டி ஒரு சிப் எடுத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "உங்க டாடிக்குப் பிடிச்சிருக்கும்" என்றார்.

பாதி பாட்டில் மீண்டும் மாதா பக்கத்தில். ஈஸ்டருக்குப் பெரியவர் வர்றார். சின்னவர் ஆகஸ்ட்டில். ஒண்ணா வரணும்னு இனி அவசியமில்லை.

மார்ச்சில் எனக்கு 21. ஆன்ட்டி, ஞாபகம் வெச்சுக்கோங்க!